நூற்றாண்டு விழா எடுக்கும் முன்

ஊராட்சி ஒன்றிய, நகராட்சி, மாநகராட்சித் தொடக்கப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுக்களில் இருக்கும் தாய்மார்களுக்கும் தகப்பன்மார்களுக்கும், உறுப்பினராகச் சேர்ந்திருக்கும் முன்னாள் மாணவர்களுக்கும்



நூறாண்டு கடந்த அரசுப் பள்ளிகளில் ஊர்தோறும் விழாப் பேச்சு நடக்கிறது. உங்கள் பள்ளியிலும் தொடங்கியிருக்கும். வாசலில் ஒரு வளைவு கட்டலாம், நன்கொடை தந்தவர்கள் பெயரைக் கல்வெட்டில் பொறிக்கலாம், அமைச்சரை அழைக்கலாம், மாலையில் பிள்ளைகளை ஆடவைக்கலாம் என்றெல்லாம் யோசனைகள் வந்திருக்கும். விழா கட்டாயம் வேண்டும். ஓர் ஊரின் ஏழைப் பிள்ளைகளுக்கு நூறு வருடம் எழுத்தறிவித்த இடத்தைக் கொண்டாடாமல் வேறு எதைக் கொண்டாடுவது? ஆனால் விழாக் கமிட்டி கூடி வரவு செலவு போடுவதற்கு முன், பணிக்காலம் முழுவதையும் தொடக்கப் பள்ளிகளில் கழித்தவன் என்ற உரிமையில் நான் எழுதும் இந்த மடலைப் படித்துவிடுங்கள்.

உங்கள் பள்ளி நூறு வருடம் நிலைத்ததற்கு ஒரே காரணம்தான் எனக்குத் தெரிகிறது. ஒவ்வொரு காலத்திலும் யாரோ சிலர் கூடி உட்கார்ந்து, இந்தப் பிள்ளை ஏன் பள்ளிக்கு வரவில்லை, வந்த பிள்ளை ஏன் நின்றுபோனது என்று கேட்டிருக்கிறார்கள். பசி என்று தெரிந்தபோது சோறு போட்டார்கள். தூரம் என்று தெரிந்தபோது பக்கத்தில் பள்ளி திறந்தார்கள். மாற்றுத்துணி இல்லை என்றபோது துணி தந்தார்கள். அந்தக் கேள்வியைக் கேட்கும் இடத்தில் இன்று சட்டப்படி உட்கார்ந்திருப்பவர்கள் நீங்கள்.

சென்னை ஆயிரம் விளக்கில் இருந்த மாநகராட்சிப் பள்ளியின் கதையை உங்கள் மாதக் கூட்டத்தில் ஒருமுறை எல்லோரும் கேட்கும்படி படிக்கச் சொல்லுங்கள். 1920 செப்டம்பர் 16 அன்று சென்னை மாநகராட்சி மன்றத்தில் ஒரு தீர்மானம் வந்தது. ஆயிரம் விளக்குப் பள்ளியின் பிள்ளைகளுக்கு மதியம் சிற்றுண்டி தர வேண்டும். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் செலவு போகக் கூடாது. மன்றத்தின் தலைவராக இருந்தவர் நீதிக்கட்சியின் பிட்டி தியாகராயர். அந்தப் பள்ளிக்கு வரும் பிள்ளைகள் வறியவர்கள், அதனாலேயே பள்ளியில் எண்ணிக்கை குறைந்துபோகிறது என்று அவர் காரணத்தை எடுத்துச் சொன்னார். தீர்மானம் நிறைவேறியது. பிறகு இன்னும் நான்கு பள்ளிகளுக்குத் திட்டம் விரிந்தது. 1922-23இல் ஐந்து பள்ளிகளிலும் சேர்த்து 811 பேர் படித்தார்கள். 1924-25இல் அது 1,671 ஆனது.

இரண்டே ஆண்டில் இரட்டிப்பு. புதுப் பாடப்புத்தகம் கிடையாது, புதுக் கட்டடம் கிடையாது. மதியம் வயிற்றுக்கு ஏதோ கிடைக்கும் என்ற நம்பிக்கை ஒன்று போதுமானதாக இருந்தது. ஆனால் 1925 ஏப்ரலில் ஆங்கிலேய அரசு, தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இந்தச் செலவைச் செய்யக் கூடாது என்று தடுத்தது. அதன்பின் மிக வறிய பிள்ளைகளுக்கு மட்டும் என்று திட்டம் சுருங்கிப்போனது. நல்ல திட்டமும் ஒரு கணக்குத் தலைப்பில் அடிபட்டுப் போகும் என்பதற்கு நம் மண்ணில் இதுவே பழைய சாட்சி. உங்கள் பள்ளிக்கு வரும் எந்தத் திட்டத்தையும், அது தானாகவே தொடரும் என்று நம்பி விட்டுவிடாதீர்கள்.

அந்த 1920ஆம் ஆண்டில்தான் சென்னை மாகாணத் தொடக்கக் கல்விச் சட்டமும் வந்தது. உங்கள் பள்ளிகளில் பல அதை ஒட்டிய ஆண்டுகளில் பிறந்தவை. தாலுகா போர்டு ஊருக்கு ஊர் ஓலைக் கொட்டகை போட்டுத் தொடங்கியவை அவை. அதற்கு முன் நம்மிடம் பள்ளியே இல்லையா என்றால், இருந்தது. சென்னை மாகாண ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோ 1822இல் மாகாணம் முழுவதும் கணக்கெடுக்கச் சொன்னார். 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள் என்று கணக்கு வந்தது. நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களும் அதில் அடக்கம். மணலில் விரலால் எழுதி, அரிச்சுவடியும் எண்சுவடியும் மனப்பாடம் செய்து, மூத்த பிள்ளையான சட்டாம்பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்து நடந்த பள்ளிகள். எழும்பூரில் ராணுவ அநாதைச் சிறுவர் விடுதியை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர், இங்கே பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்துத் தன் பள்ளியிலும் அதைச் செய்துபார்த்தார். பிள்ளை பிள்ளைக்குக் கற்பிக்கும் முறையையும் சேர்த்துக்கொண்டு 1797இல் லண்டனில் அதைப் பற்றி எழுதி வெளியிட்டார். இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளில் அது மெட்ராஸ் முறை என்ற பெயரிலேயே பரவியது.

இதைப் பெருமையாக மேடையில் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஆனால் மன்றோ கணக்கின் மறுபக்கத்தையும் அதே மேடையில் சொல்லிவிடுங்கள். அந்த 1,88,650 பேரில் பெண் பிள்ளைகள் 4,540 பேர்தான். சேரிப் பிள்ளைகளுக்குத் திண்ணையில் இடம் கிடையாது. 1894இல் அடையாறில் கர்னல் ஆல்காட் அவர்களுக்கென்று தனியாக ஓர் இலவசப் பள்ளி தொடங்க வேண்டியிருந்தது. பிறகு தொழிலாளர் துறை திறந்த பள்ளிகள் வந்தன, அவையே இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் முன்னோடிகள். எல்லாப் பிள்ளைக்கும் பொதுவான பள்ளி என்ற எண்ணம் நம் ஊர்களில் சுலபமாக வந்துவிடவில்லை. உங்கள் பள்ளியில் முதல் பெண் பிள்ளை எந்த வருடம் சேர்ந்தாள், காலனியிலிருந்து முதல் பிள்ளை எந்த வருடம் வந்தது என்று தேடிப் பாருங்கள். தொடங்கிய ஆண்டுக்கும் இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் இடையே பல வருட இடைவெளி இருந்தால், நூற்றாண்டு மலரில் அந்த ஆண்டுகளையும் மறைக்காமல் போடுங்கள்.

எங்கே தேடுவது என்று கேட்பீர்கள். தலைமையாசிரியர் அறை பீரோவின் அடித்தட்டில், கனமான அட்டை போட்ட நீளமான புத்தகம் ஒன்று இருக்கும். சேர்க்கைப் பதிவேடு. பள்ளிகளில் எத்தனையோ பதிவேடுகள் இருந்தாலும் இதைக் காலம் முடிந்தது என்று கழிக்கக் கூடாது. சேர்க்கை எண், பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, சேர்ந்த தேதி, எந்த வகுப்பு, நீங்கிய தேதி, கடைசியில் நீங்கியதற்கான காரணம் என்று கட்டம் கட்டமாக இருக்கும். பழைய பதிவேட்டில் பிறந்த தேதிக் கட்டத்தைப் பாருங்கள். பாதி ஊர் ஜூன் மாதத்தில் பிறந்ததாக இருக்கும். பிறப்புச் சான்றிதழ் இல்லாத காலம். பிள்ளையை நிறுத்தி, வலக்கையைத் தலைக்கு மேலே சுற்றி இடது காதைத் தொடச் சொல்லுவார்கள். விரல் காதில் பட்டால் ஐந்து வயது. பள்ளி திறக்கும் மாதத்தை ஒட்டி ஒரு தேதியை வாத்தியார் எழுதிக்கொள்வார். இன்றும் ஓய்வூதியத் தாளிலும் ஆதாரிலும் அந்தத் தேதியோடு வாழ்கிற பெரியவர்கள் உங்கள் ஊரில் இருப்பார்கள்.

அதைவிட முக்கியம் கடைசிக் கட்டம். நீண்ட நாள் வராததால். ஊரைவிட்டுப் போனதால். பருவமடைந்ததால். மாடு மேய்க்க. ஒவ்வொரு பக்கத்திலும் மேலிருந்து கீழாக விரலை ஓட்டிப் பாருங்கள். நூறு வருடத்தில் உங்கள் ஊர்ப் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து எவையெல்லாம் இழுத்துக்கொண்டு போயின என்பதற்கு இதைவிடச் சுருக்கமான சரித்திரம் கிடையாது. ஒரு பஞ்சம் வந்த வருடத்தில் வரிசையாக ஒரே காரணம் எழுதப்பட்டிருக்கலாம். ஒரு தெருவின் பெயர்கள் மொத்தமாக நின்றுபோயிருக்கலாம். எதுவும் எழுதாமல் வெறும் கோடு போட்டிருந்தால், அந்தப் பிள்ளை ஏன் போனது என்று யாருக்கும் தெரியவில்லை என்று பொருள்.

இந்தப் பதிவேட்டைக் காப்பாற்றுவது விழாவின் முதல் வேலையாக இருக்கட்டும். தாளுக்குப் பிளாஸ்டிக் உறை ஒட்டி லேமினேட் செய்துவிட வேண்டாம், பழைய தாள் அதில் வெந்துபோகும். தலைமையாசிரியரின் அனுமதியோடு ஒவ்வொரு பக்கத்தையும் நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து இரண்டு மூன்று இடங்களில் சேமித்து வையுங்கள். மூலத்தைக் கரையான் எட்டாத தகர அலமாரியில் துணியில் சுற்றி வையுங்கள். இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அதில் சாதிக் கட்டமும் இருக்கும். ஒருவர் வீட்டு விவரத்தைக் கண்காட்சியில் விரித்து வைப்பதோ, வாட்ஸ்அப் குழுவில் பகிர்வதோ கூடாது. மலருக்கு வேண்டிய எண்ணிக்கையை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து உங்கள் தாத்தா பாட்டி காலத்துக்கு வருகிறேன். 1953இல் ராஜாஜி அரசு கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் தினம் மூன்று மணி நேரம் மட்டும் பாடம், மீதி நேரம் பிள்ளைகள் தகப்பன் தொழிலைக் கற்கட்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. குலக்கல்வித் திட்டம் என்று மக்கள் அதை எதிர்த்தார்கள். 1954இல் காமராசர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. கல்வி அமைச்சராக இருந்த சி. சுப்பிரமணியம் அதைத் திரும்பப் பெற்றதாக அறிவித்தார். பிறகு வந்த ஆண்டுகளில் நடந்ததுதான் உங்கள் பள்ளிக்கு இரண்டாம் பிறப்பு. பொதுக்கல்வி இயக்குநராக நெ. து. சுந்தரவடிவேலு வந்தார். பள்ளி இல்லாத ஊர்களைக் கணக்கெடுத்தார்கள், பள்ளிகள் திறந்தார்கள். 1956இல் பாரதி பிறந்த எட்டயபுரத்தில் காமராசர் மதிய உணவைத் தொடங்கி வைத்தார். முதலாண்டு ஒதுக்கீடு 8,000 பள்ளிகளில் 65,000 பிள்ளைகளுக்கு, வருடத்தில் 200 நாளுக்கு. அரசு முழுச் செலவையும் ஏற்கவில்லை. சாப்பாட்டுக்குப் பத்துக் காசு என்றால் ஆறு காசு அரசு, நாலு காசு ஊர் என்று பிரித்துக்கொண்டார்கள். அறுவடைக் காலத்தில் களத்து மேட்டில் நெல்லாகவும் மற்ற நாளில் வீட்டுக்கு ஒரு பிடி அரிசியாகவும் ஊர் தன் பங்கைக் கொடுத்தது.

அந்தப் பழக்கத்தைத்தான் 1958இல் பள்ளிச் சீரமைப்பு மாநாடு என்று பெரிதாக்கினார்கள். முதல் மாநாடு அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் நடந்தது. சுற்றுவட்டாரப் பள்ளிகள் ஒவ்வொன்றும் தனக்கு என்ன வேண்டும் என்று முன்கூட்டியே பட்டியல் எழுத வேண்டும். ஊரார் அதைப் பார்த்துத் தங்களால் முடிந்ததை ஏற்றுக்கொள்ள வேண்டும். கரும்பலகை, மேசை, நாற்காலி, மணி, கடிகாரம், குடிநீர்ப் பானை, சிலேட்டு, சீருடைத் துணி, பள்ளிக்கு நிலம், ஓர் அறை கட்டும் செலவு. மாவட்டம் மாவட்டமாக இந்த மாநாடுகள் நடந்தன. கொடுத்தவர்களில் மில் முதலாளியும் உண்டு, ஒரு டம்ளர் வாங்கித் தந்த கூலிக்காரரும் உண்டு. உங்கள் பள்ளியில் பழைய வெண்கல மணி ஒன்று தொங்கினால், விளிம்பில் எண்ணெய் பூசித் துடைத்துப் பாருங்கள். கொடுத்தவர் பெயர் பொறித்திருக்க வாய்ப்பு உண்டு. கல்வெட்டு வைக்க நினைக்கிறவர்கள் முதலில் அந்த மணியைப் படிக்கலாம்.

நான் அந்த மாநாட்டைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் அந்தப் பட்டியல். முதலில் பள்ளி தன் தேவையைச் சொல்கிறது, பிறகு ஊர் கொடுக்கிறது. இப்போது பல இடங்களில் வரிசை தலைகீழாகிவிட்டது. கொடுக்க வருகிறவர் தனக்குப் பிடித்ததைக் கொடுக்கிறார். ஏற்கெனவே பெயின்ட் அடித்த சுவருக்கு மறுபடி பெயின்ட் வருகிறது, ஒழுகுகிற கழிப்பறைக் குழாய் ஒழுகிக்கொண்டே இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இதற்குத்தான் மேலாண்மைக் குழுவை வைத்தது. உறுப்பினரில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டத்தை எழுதும் அதிகாரம் சட்டப்படி உங்களுடையது. தலைமையாசிரியர் எழுதி நீட்டும் தாளில் கையெழுத்துப் போடுவதோடு உங்கள் வேலை முடிந்துவிடவில்லை. கடம்பத்தூர்ப் பட்டியலை நீங்கள் எழுத வேண்டும்.

சோற்றின் கதை அதற்குப் பிறகு உங்களுக்கே தெரியும். அறுபதுகளில் கேர் நிறுவனம் தந்த பால் பவுடரும் மக்காச்சோள மாவும் கோதுமை ரவையும் வந்தன. அந்த மஞ்சள் உப்புமாவின் மணத்தை மறக்காதவர்கள் உங்கள் வீட்டிலேயே இருப்பார்கள். 1982 ஜூலை 1 அன்று திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். கலைஞர் ஆட்சியில் முட்டை வந்தது, 2010இல் வாரத்துக்கு ஐந்து என்றானது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரை ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் காலை உணவு தொடங்கியது, முதல் கட்டமாக 1,545 பள்ளிகளுக்கு. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 25 அன்று, கலைஞர் படித்த திருக்குவளை ஒன்றியப் பள்ளியில் தொடங்கி மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. பிறகு அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும். ஆயிரம் விளக்கில் தொடங்கி ஐந்து பள்ளியோடு நின்றுபோன ஒன்று, நூறு வருடம் கழித்து இந்த அளவுக்கு வந்திருக்கிறது. கட்சி எதுவாக இருந்தாலும் இந்த ஒன்றில் நம் மாநிலம் பின்னால் போகவில்லை. அதை நான் மனதார வணங்குகிறேன்.

காலையில் எட்டரை மணிக்கு ஒருநாள் பள்ளிக்குப் போய் உட்காருங்கள். சுய உதவிக் குழுப் பெண்கள் விடியுமுன் வந்து அடுப்பு மூட்டியிருப்பார்கள். பொங்கலோ கிச்சடியோ சாம்பாரோடு இறங்கியிருக்கும். யார் இரண்டாம் முறை கேட்கிறார்கள், எந்தப் பிள்ளை தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருக்கிறது, சாம்பாரில் காய் இருக்கிறதா, கை கழுவ சோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இது குற்றம் கண்டுபிடிக்கிற வேலை இல்லை. தாய் வந்து பார்க்கிறாள் என்றால் சமைக்கிறவருக்கும் ஒரு தெம்பு வரும், அவருடைய சம்பளம் தள்ளிப்போனால் கேட்கவும் ஓர் ஆள் இருக்கும்.

சமைப்பவரின் சாதியைச் சொல்லிப் பிள்ளையைச் சாப்பிடவிடாமல் தடுத்த பெற்றோர் இந்தக் காலை உணவுத் திட்டத்திலும் சில ஊர்களில் இருந்தார்கள். செய்தித்தாளில் படித்தபோது வயிறு எரிந்தது. உங்கள் ஊரில் அப்படி ஒரு முணுமுணுப்பு எழுந்தால் ஆட்சியர் வரும்வரை காத்திருக்காதீர்கள். குழுவின் தலைவி முதல் ஆளாக அந்தப் பந்தியில் உட்கார்ந்து, அந்த அம்மா கையால் வாங்கிச் சாப்பிட வேண்டும். நூற்றாண்டு கண்ட பள்ளிக்கு இதைவிடப் பெரிய சிறப்பு விருந்தினர் தேவையில்லை. சொல்லப்போனால் விழா மேடையில் முதல் நாற்காலி, பல வருடம் அங்கே பொங்கிப் போட்டு ஓய்வுபெற்ற சத்துணவு ஆயாவுக்குத்தான். அவர் பெயரை எந்த மலரிலும் நான் பார்த்ததில்லை.

சோறு போட்டுப் பள்ளிக்கு வரவழைத்தாகிவிட்டது. வந்த பிள்ளை கற்கிறதா என்பதுதான் உங்கள் தலைமுறையின் கேள்வி. இங்கேயும் நமக்கு முன்னோடிகள் உண்டு. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில், அப்போது ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார், ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளியில் உருவான முறையை எடுத்துச் செயல்வழிக் கற்றலைக் கொண்டுவந்தார். சில ஆண்டுகளில் மாநிலம் முழுவதும் அது பரவியது. பாடத்தைச் சிறு சிறு அட்டைகளாகப் பிரித்து ஏணிப்படி போலச் சுவரில் வரைந்து வைத்தார்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் படியைப் பார்த்துத் தானே தட்டிலிருந்து அட்டையை எடுத்துக்கொள்ளும். ஆசிரியர் நாற்காலியை விட்டுப் பாயில் இறங்கி உட்கார்ந்தார். உங்கள் பள்ளி வகுப்பறைச் சுவரில், தரையை ஒட்டி, பிள்ளையின் உயரத்துக்குக் கறுப்பு வண்ணம் அடித்த பட்டை இன்னும் இருக்கும். அது அந்தக் காலத்தில் பிள்ளைகளுக்கென்று போட்ட கரும்பலகை. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனக்கென்று ஒரு கட்டம், அதில் அவளே எழுதுவாள், அவளே அழிப்பாள். புதுப் பெயின்ட் அடிக்கும்போது அதன்மேல் கார்ட்டூன் படம் வரைந்து மூடிவிடாதீர்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

2022 ஜூன் முதல் நடப்பது எண்ணும் எழுத்தும். கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்து, எழுத்தே மறந்துபோய் வந்த பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளையும் பொருள் புரிந்து படிக்க வேண்டும், அடிப்படைக் கணக்குப் போட வேண்டும் என்பது இலக்கு. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கிறார்கள். திட்டம் நல்ல திட்டம். ஆனால் ஆசிரியர்களின் நேரத்தில் பெரும் பங்கைக் கைப்பேசிப் பதிவுகள் தின்றுவிடுகின்றன என்பதையும் உடன் பணியாற்றியவர்களிடம் கேட்டு அறிந்தவனாகச் சொல்கிறேன். கூட்டத்தில் இதைப் பேசுங்கள். டீச்சர் அதைத் தானாகச் சொல்லத் தயங்குவார்.

உங்கள் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்று அறிய எந்த அறிக்கையும் வேண்டியதில்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, அது முன்பே பார்க்காத ஒரு பக்கத்தை எடுத்துக் கொடுங்கள். ரேஷன் கடை அறிவிப்போ திருமணப் பத்திரிகையோ பேருந்துப் பலகையோ எதுவானாலும் சரி. பாடப்புத்தகம் வேண்டாம், அது மனப்பாடமாக வந்துவிடும். எழுத்துக் கூட்டித் திணறுகிறதா, தடையில்லாமல் வாசிக்கிறதா, வாசித்ததைத் தன் வாயால் சொல்கிறதா என்று கவனியுங்கள். படிக்கத் தெரியாத தாய்க்கும் இது முடியும். பிள்ளையின் குரல் தடுக்கும் இடம் காதுக்கே தெரியும். எத்தனை பேர் திணறுகிறார்கள் என்ற ஒற்றை எண்ணை ஒவ்வொரு மாதமும் குழுத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். பிள்ளைகளின் பெயர் வேண்டாம். ஆசிரியரைக் குறை சொல்லும் தொனியும் வேண்டாம். அந்த எண் குறைந்துகொண்டே வந்தால் அதுவே விழா.

கடைசியாக, பேசக் கசப்பான ஒன்று. உங்கள் பள்ளிகள் பலவற்றில் எண்ணிக்கை அறுபதுக்கும் கீழே. அறுபது பேர் வரை இரண்டு ஆசிரியர் என்பது சட்டத்தின் அளவுகோல். ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர். ஒருவர் பயிற்சிக்குப் போனால் ஐந்து வகுப்புக்கும் ஒருவர். இதைப் பார்க்கும் பெற்றோர் பிள்ளையைத் தனியார் பள்ளி வேனில் ஏற்றி அனுப்பிவிடுகிறார்கள், எண்ணிக்கை மேலும் குறைகிறது. தனியார் பள்ளிகளில் 25 விழுக்காடு இடங்களுக்கு அரசே கட்டணம் கட்டும் ஏற்பாடும் அதே திசையில் இழுக்கிறது. வகுப்புக்கு ஓர் ஆசிரியர் என்று அரசிடம் கேட்க வேண்டியது நீங்கள்தான். ஆசிரியர் சங்கம் கேட்டால் அது சம்பளப் பேச்சாகப் பார்க்கப்படும், தாய்மார்கள் கேட்டால் அப்படித் தள்ள முடியாது.

ஆனால் வேன் வாசலுக்கு வருவது ஐந்து வயதில் இல்லை, மூன்று வயதில். எல்.கே.ஜி.யில் போன பிள்ளை ஒன்றாம் வகுப்புக்குத் திரும்பி வருவது அரிது. 2019இல் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் மழலையர் வகுப்பு தொடங்கியது. தொடக்கப் பள்ளி மட்டும் உள்ள ஊருக்கு அது வரவில்லை. உங்கள் வளாகத்திலோ பக்கத்திலோ ஓர் அங்கன்வாடி இருக்கும். அது வேறு துறை, பள்ளி வேறு துறை. பிள்ளைக்கு அந்த வித்தியாசம் தெரியாது. அங்கன்வாடிப் பணியாளரை உங்கள் கூட்டத்துக்கு அழையுங்கள். அங்கே இருக்கும் நான்கு வயதுப் பிள்ளைகளை வாரத்தில் ஒருநாள் பள்ளிக்கு அழைத்து வந்து கதை கேட்கவும் பாட்டுப் பாடவும் வையுங்கள். ஒன்றாம் வகுப்பு டீச்சரின் முகம் முன்பே தெரிந்த பிள்ளை அந்த டீச்சரிடமே வந்து சேரும். செங்கல் சூளைக்கும் கட்டட வேலைக்கும் வந்து தங்கியிருக்கும் வடநாட்டுக் குடும்பங்களின் பிள்ளைகளும் உங்கள் எல்லைக்குள் இருந்தால் அவர்களையும் கணக்கில் எடுங்கள். டி.சி. இல்லை என்பது சேர்க்க மறுக்கக் காரணம் ஆகாது, சட்டம் அதைத் தெளிவாகவே சொல்கிறது. தமிழ் தெரியாது என்பதும் காரணம் ஆகக் கூடாது.

கட்டடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2021 டிசம்பரில் நெல்லையில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தபின், மாநிலம் முழுக்கப் பழைய பள்ளிக் கட்டடங்கள் இடிக்கப்பட்டன. பழுதானதை இடிப்பதில் தயக்கமே கூடாது. ஆனால் சுண்ணாம்புக் காரையும் தேக்கு உத்தரமும் சீமை ஓடும் உள்ள கட்டடம் எல்லாம் பழுதானது இல்லை. பொறியாளரின் எழுத்துபூர்வமான அறிக்கை வரும்வரை இடிக்கவும் வேண்டாம், பிள்ளைகளை அதில் உட்காரவைக்கவும் வேண்டாம். உறுதி என்று சான்று வந்தால் ஓட்டை மாற்றி நூலகமாக்குங்கள்.

அடுத்த மாதக் கூட்டத்தில் விழாத் தேதியைப் பேசுவதற்கு முன் தீர்மானப் புத்தகத்தில் மூன்று விவரங்களை எழுதிவிடுங்கள். நம் எல்லைக்குள் பள்ளி வயதில் இருந்தும் எந்தப் பள்ளிக்கும் போகாத பிள்ளைகள் எத்தனை பேர். மூன்றாம் வகுப்பில் வாசிக்கத் திணறுகிறவர்கள் எத்தனை பேர். பள்ளிக்குத் தேவையானவற்றின் பட்டியல், அவசர வரிசையில். விழா அழைப்பிதழோடு அந்தப் பட்டியலையும் அச்சடித்து, வெளியூரில் இருக்கும் முன்னாள் மாணவர்கள் எல்லோருக்கும் அனுப்புங்கள். வளைவுக்கு என்று யாராவது பணம் கொடுத்தால், பட்டியலின் முதல் வரியைக் காட்டிக் கேளுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர்